விலைக்கு வாங்கிய ஆங்கிலம்

தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு, இடைநிலைப்பள்ளியில் ஐந்தாண்டு, தனியார் கல்லூரியில் ஓராண்டு பயின்று, பின்னர்க் கடல் கடந்து பிரிட்டனிலோ ஆஸ்திரேலியாவிலோ ஒரு பல்கலைக்கழகத்தின் படியேறும் மாணவன் ஒருவனை மனக்கண்முன் நிறுத்திப் பார்த்தல் வேண்டும். அவனை அனுப்புவதற்காகத் தந்தையின் சேமநிதி கரைந்திருக்கிறது. தாயின் சங்கிலி அடகுக்கடையில் இருக்கிறது. அவன் கையிலோ ஆங்கிலத் தேர்வில் வேண்டிய தரத்தைப் பெற்றமைக்கான சான்றிதழ் இருக்கிறது. முதற் பருவம் முடியுமுன் அவன் எழுதிய முதற் கட்டுரை திரும்பி வருகிறது. அதனுடன், பிறர் எழுத்தைத் தன் எழுத்தாகக் காட்டிய குற்றத்திற்கு விளக்கம் தர வருமாறு அழைக்கும் கடிதமும் வருகிறது. அவன் திகைத்து நிற்கின்றான். அவன் திருடவில்லை. நல்ல மாணவன் செய்ய வேண்டியது யாதென்று அவனுக்குப் பதினோராண்டுக் காலம் கற்பிக்கப்பட்டதோ, அதனையே செய்தான். சிறந்த வாக்கியங்களைத் தேடினான். அவற்றைச் சிதையாமல் எடுத்து வைத்தான். அவ்வளவே.

இத்தகைய மாணவனின் நிலைக்கு யார் பொறுப்பு என்னும் வினா எழுந்தவுடனே, விடையைச் சட்டைப்பையில் ஆயத்தமாக வைத்திருப்போர் பலர். “தமிழ்ப்பள்ளிக்கு அனுப்பியதன் விளைவு” என்பர் அவர். திருமண வீட்டுப் பந்தியிலும் இக்கூற்று பரிமாறப்படுகிறது; தமிழாசிரியர் சிலரும் தலையசைத்து அதனை உண்டுவிடுகின்றனர். இதனினும் ஆராயாத கூற்று வேறொன்றில்லை. பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்கள், பாடம் தொடங்குமுன் கோடைக்காலத்தில் வெளிநாட்டு மாணவர்க்கென ஆங்கில வகுப்புகள் நடத்துகின்றன. அவ்வகுப்பில் சீனரும் ஜப்பானியரும் அராபியரும் துருக்கியரும் அருகருகே அமர்ந்திருக்கின்றனர். அவருள் எவரும் தமிழ்ப்பள்ளியில் படித்தவரல்லர். அவ்வளவு ஏன், அந்நாட்டுப் பிள்ளைகளுக்கே கட்டுரை வரையும் முறையைக் கற்பிக்கப் பல்கலைக்கழகங்கள் தனியே ஆள் வைத்திருக்கின்றன. ஆங்கிலேயர் வீட்டுப் பிள்ளையும் அடிக்குறிப்பு எழுதிக்கொண்டே பிறப்பதில்லை.

பயிற்று மொழியை மாற்றிவிட்டால் ஆங்கிலம் தானே வந்துவிடும் என்னும் நம்பிக்கையும் இந்நாட்டில் சோதித்துப் பார்க்கப்பட்டதே. அறிவியலையும் கணிதத்தையும் ஆங்கிலத்தில் கற்பிக்கும் திட்டம் 2003ஆம் ஆண்டு தொடங்கியது. 2012ஆம் ஆண்டு முதல் படிப்படியாகக் கைவிடப்பட்டது. அத்திட்டத்தின் நிறைகுறைகளைப் பற்றிய வழக்கு இன்னும் ஓயவில்லை. அது வேறு வழக்கு. தவளையின் படத்தை வரைந்து உறுப்புகளுக்கு ஆங்கிலப் பெயர் எழுதத் தெரிந்த பிள்ளைக்கு, “இவ்வறிஞர் இவ்வாறு கூறுகின்றார், ஆயினும் அவர் காட்டும் சான்று போதாது” என்று எழுதத் தெரிந்துவிடாது என்பதே ஈண்டு கருதத்தக்கது. முன்னது பெயரறிவு. பின்னது வேறொரு தொழில்.

அவ்வேறொரு தொழில்தான் பல்கலைக்கழக ஆங்கிலம். அதனை உணராமையே எல்லாக் குழப்பத்திற்கும் வித்து. உரையாடுவதற்குரிய ஆங்கிலத்தைச் சற்றுப் பெரிதாக்கி, அரிய சொற்களைப் பூச்சூட்டினால் அஃது ஆய்வு ஆங்கிலமாகும் எனப் பெற்றோர் எண்ணுகின்றனர்; மாணவரும் அங்ஙனமே எண்ணுகின்றனர். டியூஷன் நிலையத்தார் அவ்வெண்ணத்தை வளர்த்து வாழ்கின்றனர். உண்மையில் அது பிறர் கூற்றைக் கையாளும் முறை. ஒருவர் சொன்னதை அவர் சொன்னதாகவே சுட்டித் தன் சொல்லில் சுருக்கி உரைத்தல், இன்னொருவர் கூற்றோடு ஒப்பிடுதல், ஒப்பும் மறுப்பும் காரணத்தோடு கூறல், சான்று எவ்வளவு தாங்குமோ அவ்வளவே கூறல் ஆகிய இந்நான்கும் வாய்த்தவனுக்கு எளிய சொற்களே போதும். இவை வாயாதவன் அகராதியை விழுங்கினாலும் பயனில்லை.

இனி, டியூஷன் நிலையங்கள் விற்கும் சரக்கைச் சற்று அவிழ்த்துப் பார்க்கலாம். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் கேட்கும் தேர்வுகளுள் ஒன்று ஐயெல்ட்ஸ் என்பது. அதன் எழுத்துத் தாள் ஒரு மணி நேரம். முதற் பகுதியில் ஒரு வரைபடத்தையோ அட்டவணையையோ பார்த்து 150 சொற்களில் விவரிக்க வேண்டும். இரண்டாம் பகுதியில் ஒரு பொதுப்பொருள் பற்றி 250 சொற்களில் கருத்துரைக்க வேண்டும். கையில் நூலில்லை, மேற்கோள் இல்லை, மனத்தில் உள்ளதைச் சொன்னால் போதும். பல்கலைக்கழகத்திலோ ஈராயிரம், மூவாயிரம் சொற்களில், பத்துப் பன்னிரண்டு நூல்களைப் படித்து, ஒவ்வொரு கருத்துக்கும் உரியவரைச் சுட்டிக் கட்டுரை வரைய வேண்டும். கிணற்றில் நீந்தியதற்குச் சான்றிதழ் பெற்றவனைக் கடலில் இறக்கிவிடுவது போன்றது இது. தேர்வை நடத்துவோர்மீது குற்றமில்லை. வாயிலில் நின்று அளந்து பார்ப்பதே அத்தேர்வின் பணி. இந்நாட்டில் 1999ஆம் ஆண்டு முதல் நடைபெறும் மலேசியப் பல்கலைக்கழக ஆங்கிலத் தேர்வின் நிலையும் அத்தகையதே. வாயிலைக் கடக்கும் வித்தையை வீட்டினுள் வாழும் வித்தையாக விலை கூறுவதுதான் குற்றம்.

எவ்வாறு விலை கூறுகின்றனர்? எந்தத் தலைப்புக்கும் பொருந்தும் தொடக்க வாக்கியம் ஒன்று, எந்தத் தலைப்புக்கும் பொருந்தும் முடிவு வாக்கியம் ஒன்று, இடையே செருகுவதற்குக் கடுஞ்சொற்கள் ஐம்பது. இவற்றை மனனம் செய்க என்பர். தேர்வின் அமைப்பை அறிந்துகொள்ள ஓரிரு வாரம் வகுப்புக்குச் செல்வதில் தவறில்லை. அதனை எவரும் மறுப்பதற்கில்லை. ஆனால் மாதக்கணக்கில், வெள்ளி நூற்றுக்கணக்கில் கொட்டிக் கொடுத்து, எதற்கும் பொருந்தும் வாக்கியத்தை வாங்கி வருவது என்ன கல்வி? எதற்கும் பொருந்தும் வாக்கியம் எதையும் கூறாத வாக்கியமன்றோ! இன்றோ அவ்வேலையைக் கணினியே காசின்றிச் செய்துவிடுகின்றது. கேட்ட மாத்திரத்தில் பிழையற்ற ஆங்கிலத்தில் கட்டுரை ஒன்றை அது கொட்டுகின்றது. இதனால் மாணவனின் இடர் குறைந்ததா? முன்பு அவன் பிறர் வாக்கியத்தைத் தேடி அலைந்து மாட்டிக்கொண்டான். இப்பொழுது அலையாமல் மாட்டிக்கொள்கின்றான்.

டியூஷன் நிலையத்தாரைச் சாடுவது எளிது. தமிழாசிரியர் அறையில் அதற்குக் கைதட்டலும் கிடைக்கும். ஆனால் மனனம் செய்த வாக்கியத்தைக் கட்டுரை என்று நம்பும் பழக்கத்தை அம்மாணவன் எங்கே கற்றான்? ஆங்கில வகுப்பில் மட்டுமா? உண்மையை ஒளிக்க இயலாது. அவன் அதனை முதன்முதலில் கற்றது தமிழ் வகுப்பில்.

1988ஆம் ஆண்டு தொடங்கி 2021ஆம் ஆண்டு நீக்கப்பட்ட யு.பி.எஸ்.ஆர். தேர்வின் காலத்தில் மாதிரிக் கட்டுரை நூல்கள் எத்துணை அச்சாயின! தேர்வு போயிற்று, பழக்கம் போகவில்லை. தன்கதை என்னும் கட்டுரை வகையை எடுத்துக்கொள்ளலாம். இந்நாட்டுத் தமிழ்ப்பள்ளிகளில் பிறந்த பேனாக்கள் எல்லாம் ஒரே தொழிற்சாலையில் பிறந்தன. ஒரே கடையின் கண்ணாடிப் பேழையில் அமர்ந்தன. ஒரே செல்வந்தர் மகனால் வாங்கப்பட்டன. இறுதியில் ஒரே குப்பைத்தொட்டியில் கிடந்து கண்ணீர் வடித்தன. பள்ளிப்பையின் வரலாறும் காலணியின் வரலாறும் இதுவே. ஓர் எழுத்தும் பிசகாமல் எழுதிய பிள்ளைக்கு ஆசிரியர் சிவப்பு மையால் ‘மிக நன்று’ என்று எழுதினார். அந்தச் சிவப்பு மைதான் பத்தாண்டு கழித்து வேறொரு நாட்டில் குற்றக் கடிதமாக வந்து நிற்கின்றது.

இதனைக் கூறுவதனால் தமிழாசிரியரை இழிவு செய்வதாகக் கொள்ளற்க. பள்ளிக்கு எத்துணை ‘ஏ’ என்று கேட்கும் மேலதிகாரியும், கேட்கும் பெற்றோரும், செய்தித்தாளும் சூழ நின்ற ஆசிரியர் வேறென்ன செய்வார் என்று கேட்பாருமுளர். கேள்வி நியாயமானதே. ஆயினும் அதனால் விளைந்த கேடு இல்லையென்றாகிவிடாது.

இதில் வேதனை தருவது யாதெனில், அம்மாணவனுக்கு வேண்டிய பயிற்சி தமிழிலேயே இருந்தது என்பதாம். பதவுரை, பொழிப்புரை, கருத்துரை, விளக்கவுரை என்று தமிழ் உரை மரபு வகுத்து வைத்துள்ள படிகளை எண்ணிப் பார்த்தல் வேண்டும். சொல்லுக்குச் சொல் பொருள் காண்பது பதவுரை. முழுதும் உணர்ந்து தன் நடையில் திரட்டி உரைப்பது பொழிப்புரை. அதன் உள்ளக்கிடையை ஓரிரு வரியில் கூறுவது கருத்துரை. ஐயம் எழுப்பி, சான்று காட்டி, விடை பகர்வது விளக்கவுரை. பிரிட்டிஷ் பல்கலைக்கழகத்தின் கோடைக்கால வகுப்பில் வெளிநாட்டு மாணவர்க்குக் கற்பிக்கப்படுவன இவற்றின் உடன்பிறப்புகளே. ‘பாராஃபிரேஸ்’ என்ற பெயரைக் கேட்டு அஞ்சும் மாணவன், பொழிப்புரை என்ற பெயரை அறிந்தவன்தான். இரண்டும் ஒரு தொழில் என்று அவனுக்குச் சொல்வார் இல்லை.

பிறர் கருத்தைக் கையாளும் நெறியும் அங்ஙனமே. தொல்காப்பியச் சொல்லதிகாரத்திற்கு உரை வகுத்த சேனாவரையர், தமக்கு முன் உரை செய்த இளம்பூரணரின் கருத்தை எடுத்துரைத்து, அது பொருந்தாமைக்குக் காரணம் காட்டி மறுக்கின்றார். ‘என்பாரும் உளர்’ என்று மாற்றுக் கருத்துக்கு இடம் தந்து, அதன்பின் தம் முடிபைக் கூறுவது உரையாசிரியர்கள் பெருவழக்காகக் கொண்ட நெறி. பிறர் கூற்று இது, தன் கூற்று இது என்று வரம்பு கட்டிய மரபு இது. இம்மரபின் வழிவந்த பிள்ளை, பிறர் எழுத்தைத் தன் எழுத்தாக வைத்தான் என்று குற்றஞ்சாட்டப்படுவது எத்துணை முரண்!

எனவே வெளிநாடு செல்லவிருக்கும் மாணவனுக்கு வேண்டுவது மேலும் ஒரு டியூஷன் வகுப்பன்று. தனித்திருந்து செய்யும் பயிற்சியே வேண்டுவது. அதற்கு ஒரு மேசை, இரண்டு குறிப்பேடு, ஒரு நல்ல அகராதி, நாள்தோறும் ஒரு மணி நேரம் ஆகியவை போதும்.

பெஞ்சமின் பிராங்கிளின் தம் வரலாற்றில் கூறும் செய்தி இங்குக் கருதற்பாலது. ஈராண்டே பள்ளி சென்றவர் அவர். 12ஆம் வயதில் அண்ணனின் அச்சகத்தில் தொழில் பயிலச் சேர்ந்தவர். ‘ஸ்பெக்டேட்டர்’ என்னும் இதழின் தொகுதி ஒன்று அவர் கைக்குக் கிடைத்தது. அதிலுள்ள கட்டுரையைப் படித்து, ஒவ்வொரு வாக்கியத்தின் கருத்தையும் சிறு குறிப்பாக எழுதிக்கொள்வார். நூலை மூடிச் சில நாள் விட்டுவிடுவார். பின்னர்க் குறிப்பை மட்டும் கொண்டு கட்டுரையைத் தம் சொற்களால் மீண்டும் கட்டுவார். அதன்பின் மூலத்தைத் திறந்து, தாம் எங்கே தவறினார் என்று காண்பார். சில வேளை குறிப்புகளைக் கலைத்துப்போட்டு, கருத்துகளை முறைப்படுத்தவும் பழகினார். ஆங்கிலம் அவருக்குத் தாய்மொழி. அவருக்கே இத்துணை உழைப்பு வேண்டியிருந்தது.

இதில் உயிர்நாடி நூலை மூடுவது. மூடிய நூலிலிருந்து படியெடுக்க இயலாது. திறந்த நூலின்முன் அமர்ந்து, ஒரு சொல்லுக்கு மாற்றாக இன்னொரு சொல்லைப் பெயர்த்து வைப்பதைத் தன்சொல்லாக்கம் என்று பல மாணவர் கருதுகின்றனர். அது வீட்டின் ஓடுகளை மட்டும் மாற்றிவிட்டுப் புதுவீடு என்பதற்கு ஒப்பாகும். வாக்கியத்தின் எலும்புக்கூடு மூல ஆசிரியருடையதாகவே நிற்கும். பல்கலைக்கழகமும் அதனைத் திருட்டென்றே கொள்ளும்.

எதைப் படிப்பது? இங்கேதான் மாணவர் பலர் தவறுகின்றனர். ஆங்கிலம் பெருக வேண்டுமென்று, பொருளும் புதிது, மொழியும் புதிது என்னும் கடினநூலை எடுத்து, மூன்றாம் பக்கத்தில் சோர்கின்றனர். பொருள் பழகியதாக இருக்குமாயின் மொழி ஒன்றோடு மட்டும் போரிட்டால் போதும். கெர்னியல் சிங் சந்து 1969ஆம் ஆண்டு வெளியிட்ட மலாயா இந்தியர் பற்றிய நூலும், சின்னப்பா அரசரத்தினம் 1970ஆம் ஆண்டு வெளியிட்ட மலேசிய, சிங்கப்பூர் இந்தியர் பற்றிய நூலும் ஆங்கில ஆய்வு நடையில் அமைந்தவை. அவற்றின் பொருளோ பாட்டி சொன்ன கதை. கங்காணி, கப்பல், லயம், பால்மரம் என்று செவிவழி அறிந்ததையே அட்டவணையும் சான்றுமாகக் காணும்போது, ஆய்வு மொழி என்ன செய்கிறது என்பது மாணவனுக்குப் பளிச்செனப் புலப்படும். தனிநாயக அடிகள் 1952ஆம் ஆண்டு தொடங்கிய ‘தமிழ் கல்ச்சர்’ என்னும் ஆங்கில இதழும் அத்தகையது. 1966ஆம் ஆண்டு கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு கூடுவதற்கு முன்னின்ற அவ்வடிகளார், தமிழைப் பற்றி உலகத்தோடு ஆங்கிலத்தில் பேசினார். தமிழை விட்டுவிட்டுப் பேசவில்லை. பொறியியலோ கணக்கியலோ பயிலச் செல்பவன் இவற்றோடு நின்றுவிடாமல், தன் துறையின் தொடக்க நூலில் நாளுக்கு ஒரு பக்கமேனும் இவ்வாறே படித்தல் வேண்டும்.

சொற்களைப் பற்றியும் ஒரு சொல். நியூசிலாந்தின் வெலிங்டனில் உள்ள விக்டோரியா பல்கலைக்கழகத்தில் ஆவெரில் காக்ஸ்ஹெட் என்னும் அம்மையார், கலை, வணிகம், சட்டம், அறிவியல் ஆகிய துறைகளின் எழுத்துகளிலிருந்து ஏறத்தாழ 35 இலட்சம் சொற்களைத் திரட்டி ஆராய்ந்து, துறை வேறுபாடின்றி மீண்டும் மீண்டும் வரும் 570 சொற்குடும்பங்களின் பட்டியலை 2000ஆம் ஆண்டில் வெளியிட்டார். அன்றாட வழக்கில் உள்ள ஈராயிரம் அடிப்படைச் சொற்களை விலக்கிய பின் எஞ்சியவை அவை. திரட்டிய எழுத்துகளில் பத்துச் சொல்லுக்கு ஒரு சொல் இப்பட்டியலைச் சேர்ந்தது. நாளுக்கு ஐந்து வீதம் பயின்றால் நான்கு திங்களில் முடிந்துவிடும் சிறு தொகை.

அத்தொகையிலும் ஒரு பகுதி மலேசிய மாணவனின் பையில் முன்னரே கிடக்கிறது! ‘கொன்செப்’, ‘ஃபக்தோர்’, ‘ஃபுங்சி’, ‘கொந்தெக்ஸ்’, ‘அனலிசிஸ்’ என்று இடைநிலைப்பள்ளியில் மலாயில் பயின்ற சொற்களே ‘கான்செப்ட்’, ‘ஃபாக்டர்’, ‘ஃபங்ஷன்’, ‘கான்டெக்ஸ்ட்’, ‘அனலைஸ்’ என்று ஆங்கிலத்தில் நிற்கின்றன. மலாய்வழிக் கல்வியால் ஆங்கிலம் கெட்டது என்று புலம்புவோர் இதனை நோக்குவதில்லை. மும்மொழி கற்றது சுமையென்று பிள்ளையிடம் சொல்லிச் சொல்லியே, அவன் கையிலுள்ள முதலை அவனறியாமல் செய்துவிட்டனர்.

இலக்கணத்திலும் இத்தகைய ஒப்புநோக்கு உதவும். எழுவாய்க்கேற்ப வினை மாறும் என்பதைத் தமிழ் மாணவனுக்கு எவரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. ‘வந்தான், வந்தாள், வந்தனர்’ என்பது அவன் மொழி. ஆங்கில நிகழ்கால வினை படர்க்கை ஒருமையில் மட்டும் ஈறு பெறும் என்று சொன்னால் விளங்கிவிடும். ‘தி’ என்றும் ‘எ’ என்றும் பெயர்க்கு முன் வரும் சிறு சொற்களுக்கு நிகரானவை தமிழிலும் இல்லை, மலாயிலும் இல்லை. ஆதலின் அவன் பிழைகளுள் பெரும்பகுதி அங்கே இருக்கும். இரண்டாவது குறிப்பேடு இதற்கே. ஆசிரியர் திருத்திய ஒவ்வொரு பிழையையும் வகைப்படுத்தி எழுதி, அடுத்த கட்டுரையை ஒப்படைக்குமுன் அவ்வகை ஒன்றை மட்டும் தேடி ஒருமுறை முழுதும் படித்தல் வேண்டும். எல்லாப் பிழைகளையும் ஒருசேரத் தேடுபவன் ஒன்றையும் காணான்.

இன்னொரு குறை இலக்கண நூலில் இல்லாதது. மேடைப் பேச்சிலிருந்து வந்தது. ‘ஐயமின்றி’, ‘உலகமே அறியும்’, ‘என்றால் மிகையாகாது’ என்று முழங்கிப் பழகிய பிள்ளை, ஆங்கிலத்திலும் எல்லாவற்றையும் நிறுவிவிட்டதாகவே எழுதுகின்றான். ஆய்வு ஆங்கிலமோ ‘ப்ரூவ்’ என்பதற்கும் ‘சஜெஸ்ட்’ என்பதற்கும் இடையே நாழி அளவு பார்க்கும். நிறுவுகிறது என்பது வேறு. எனக் கருத இடமளிக்கிறது என்பது வேறு. தமிழிலும் ‘எனலாம்’, ‘போலும்’, ‘எனக் கருத இடமுண்டு’ என்ற அளவுகோல்கள் உண்டு. இலக்கிய விழாக்களில் அவை கேட்கப்படுவதில்லை என்பது வேறு செய்தி.

இவையெல்லாம் ஆங்கில ஆசிரியரின் வேலை, தமிழாசிரியருக்கு இதில் என்ன என்று கேட்கப்படும். நான்காம், ஐந்தாம் படிவத் தமிழ் வகுப்பில் வாரம் ஒருமுறை, ஒரு பக்க உரைநடையைப் படிக்கச் செய்து, நூலை மூடச் செய்து, அதன் பொழிப்பை மாணவன் தன் சொல்லில் எழுதுமாறும், கீழே ஒரு வரியில் கருத்துரையும் இன்னொரு வரியில் தன் உடன்பாட்டையோ மறுப்பையோ எழுதுமாறும் பணிக்கலாம். ஆறாம் ஆண்டிலும் அரைப் பக்கத்தைக் கொண்டு இதனைச் செய்ய இயலும். அதற்கு ஆங்கிலம் ஒரு சொல்லும் வேண்டியதில்லை. பாடத்திட்டம் முடியவில்லை, அதற்கு ஒரு பாடவேளை எங்கிருந்து வரும் என்று வினவும் ஆசிரியப் பெருமக்கள், மாதிரிக் கட்டுரையை வெண்பலகையில் எழுதிப்போட்டு மாணவர் அதனைப் படியெடுப்பதற்குச் சென்ற திங்களில் எத்தனை பாடவேளை சென்றது என்பதைத் தம் பாடக்குறிப்பேட்டைத் திறந்து எண்ணிச் சொல்லட்டும்.